கீபோர்டு மூலையில மாயாண்டி ஐயா

போன மாசம் ஒரு நாள் ஒரு கீபோர்டு வாங்கணும். அவ்வளவுதான் வேலை.

திண்டுக்கல்ல நானும் எங்க வீட்டுக்காரரும் சின்னதா ஒரு பிரிண்டிங் கடை வச்சிருக்கோம். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், எல்லாம் ஒரே மேசையிலதான் டைப் ஆகும். டைப் அடிக்கிறது நான். உள்ள மெஷின் ஓட்டுறது அவரு.

அன்னைக்குக் காலையில என் கீபோர்டுல 'ம' செத்துப் போச்சு.

வேற எழுத்தா இருந்தா சமாளிச்சிருப்பேன். பத்திரிகைக் கடையில 'ம' இல்லாம என்ன பண்றது? 'மணமகன்'னு அடிச்சா 'ணகன்'னு வருது. 'திருமணம்', 'திருண்'னு பாதியில நிக்குது. 'அம்மா'வையும் அடிச்சுப் பாத்தேன். வந்தத இங்க எழுத முடியாது.

செத்த நேரம் பழைய பத்திரிகையிலேர்ந்து ஒவ்வொரு 'ம'வா காப்பி பண்ணி ஒட்டினேன். 'தாய்மாமன்மார்கள்' வர்ற வரைக்கும் தாங்கிச்சு. அதுக்கு மேல முடியல.

"ஏங்க, நான் போயி ஒரு கீபோர்டு வாங்கிட்டு வாரேன்."

உள்ளேர்ந்து அவரு சொன்னாரு, "சாதாவா வாங்கு."

ஏன் அப்பிடிச் சொன்னாருன்னா, மிக்ஸி ஜார் வாங்கப் போயி குருவி கத்துற கடிகாரத்தோட திரும்பி வந்தவ நான்.

கம்ப்யூட்டர் சாமான் கடை பாய் நமக்கு ரொம்ப நாள் பழக்கம்.

"சாதா தீந்துருச்சு தங்கச்சி. லோடு சாயங்காலம்தான் வரும். இந்தா, இது ஒண்ணு கெடக்கு, பாரு."

பாத்தேன். கீபோர்டு முழுக்க கலர் கலரா லைட்டு ஓடுது. மேல வலது மூலையில தீப்பெட்டி அளவுக்கு ஒரு குட்டி ஸ்கிரீன். அதுக்குள்ள ஒரு பூனை இடுப்ப ஆட்டி ஆட்டி ஆடுது.

"இது எதுக்குண்ணே?"

"கேம் ஆடுறவங்க வாங்குவாங்கம்மா. வேணும்னா நம்ம போட்டோவையும் அதுல வச்சுக்கலாம்."

"எனக்கு எதுக்குண்ணே பூனை? 'ம' வந்தாப் போதும்."

"'ம'வும் வரும், பூனையும் வரும்."

வேணாம்ணேன்னுதான் சொன்னேன். ஆனா சொல்லி முடிக்கிறதுக்குள்ள அந்தப் பூனையப் பாத்து ரெண்டு தடவ சிரிச்சுட்டேன். பாய் அதக் கவனிச்சுட்டாரு. வியாபாரம் முடிஞ்சுது.

கடைக்கு வந்து மாட்டினேன். எங்க வீட்டுக்காரர் வெளிய வந்தாரு. கீபோர்டப் பாத்தாரு. பூனையப் பாத்தாரு. என்னையப் பாத்தாரு.

"சாதா தீந்துருச்சாம்."

"ம்"ன்னுட்டு உள்ள போயிட்டாரு. எங்க கடையில அந்த 'ம்' மட்டும் எப்பவும் ரிப்பேர் ஆகாது.

செத்த நேரத்துல ஒரு தம்பி வந்தாரு. பேரு பாண்டி. நிலக்கோட்டைப் பக்கம். அவரோட அப்பா மாயாண்டி ஐயா மல்லிகைப் பூவ வேன்ல ஏத்தி ஊர் ஊராக் கொண்டு போயி போடுறவரு. திடீர்னு தவறிட்டாரு. பதினாறாம் நாள் காரியத்துக்கு கார்டு அடிக்கணும், வாசல்ல வைக்க ஒரு பேனர் வேணும்னாரு. அப்பாவோட போட்டோவப் போன்ல அனுப்பிவிட்டாரு. தூங்காத கண்ணு. குரலும் கம்மியிருந்துச்சு.

"உக்காருங்க தம்பி, இப்பவே அடிச்சுக் காட்டுறேன்."

அடிக்க ஆரம்பிச்ச பிறகுதான் ஒரு விஷயம் தெரியுது. நாம டைப் அடிக்கிற வேகத்துக்குத் தகுந்தாப்ல அந்தப் பூனையும் வேகமா ஆடும். நான் 'எங்கள் அன்புத் தந்தை'ன்னு அடிக்கிறேன், அது இடுப்ப ஒடிக்குது. 'இறைவனடி சேர்ந்தார்'னு அடிக்கிறேன், அது ஒரு சுத்து சுத்தி நிக்குது.

பாண்டி அதையே பாத்துக்கிட்டிருந்தாரு.

"அக்கா."

"சொல்லுங்க தம்பி."

"அந்தப் பூனைய மட்டும் செத்த நிப்பாட்ட முடியுமா?"

கோபமாச் சொல்லியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன். அம்புட்டு மரியாதையாச் சொன்னாரு.

ஸ்கிரீனுக்குப் பக்கத்துல ஒரு திருகு இருந்துச்சு. பூனைய அணைக்கிறதுக்கு அதுதான்னு நெனச்சு முழுசாத் திருகினேன். அது சவுண்டு கூட்டுற திருகு. காலையில ஒரு கல்யாண வீட்டுக்குச் செஞ்ச வீடியோ பத்திரிகை கம்ப்யூட்டர்ல பின்னாடி தொறந்தே கெடந்துருக்கு. திருகின வேகத்துல கை எதுலயோ பட்டு அதுவும் ஓட ஆரம்பிச்சுருச்சு.

கெட்டிமேளம். கடை அதிர்ற மாதிரி.

எங்க வீட்டுக்காரர் வந்து ஸ்பீக்கர் ஒயரப் பிடுங்கிட்டு உள்ள போயிட்டாரு.

பாண்டி எந்திரிச்சுட்டாரு. "நீங்க அடிச்சு வைங்கக்கா. நான் போயி அம்மாவக் கூட்டியாறேன். காரியத்துக்குச் சாமான் வாங்க அவகளும் வந்திருக்காக. போட்டோ அவகளுக்குப் பிடிக்கணும்."

அவரு அம்மாவக் கூட்டிட்டு வர்றதுக்குள்ள பூனைய ஒழிச்சாகணும். அட்டைப் பெட்டியில இருந்த பேப்பரப் பாத்து, நெட்டுலேர்ந்து அதுக்குண்டான சாஃப்ட்வேர எறக்கினேன். பாதி சீன எழுத்து, பாதி இங்கிலீஷ். தேடித் தேடி, படத்த மாத்துற எடத்தக் கண்டுபிடிச்சேன். என் பிளான் சுலபம். வெறும் கறுப்பா ஒரு படம் வச்சுட்டா, ஸ்கிரீன் இருக்கிறதே தெரியாது.

கறுப்புப் படம் ஒண்ணு தயார் பண்ணி மாயாண்டி ஐயா போட்டோ இருந்த அதே எடத்துல போட்டு வச்சேன். அங்கதான் தப்பு. அவசரத்துல பக்கத்துப் படத்தக் கிளிக் பண்ணிட்டேன்.

பூனை போயிருச்சு. மாயாண்டி ஐயா வந்துட்டாரு.

முறுக்கு மீசையும் தோள்ல துண்டுமா தீப்பெட்டிக்குள்ள நிக்கிறாரு. தலைக்கு மேல கடிகாரம் மாதிரி மணி ஓடுது. சுத்தி லைட்டு ஓடுது. நெஞ்சுக்குக் கீழ இங்கிலீஷ்ல 'ரெடி டு ஃபைட்'னு எழுத்து.

பதறிப்போயி ஒரு கீயத் தட்டினேன். ஐயா ஒரு குலுங்கு குலுங்கினாரு.

திரும்ப மாத்தலாம்னா சாஃப்ட்வேர் அப்பிடியே ஒறஞ்சு போச்சு. ஒயரப் பிடுங்கி மாட்டினேன். மறுபடியும் அவருதான். கம்ப்யூட்டர அணைச்சுப் போட்டேன். அப்பவும் அவருதான். படம் கம்ப்யூட்டர்ல இல்ல, கீபோர்டுக்குள்ளயே போய் உக்காந்துருச்சு.

"ஏங்க, கொஞ்சம் வாங்களேன்."

வந்து பாத்தாரு. ரொம்ப நேரம் பாத்தாரு.

"அவர எறக்கு."

"எறங்க மாட்டேங்குறாருங்க."

"பழைய கீபோர்ட மாட்டு."

"அதுல 'ம' இல்ல."

அவரு பதில் சொல்றதுக்குள்ள வாசல்ல கார் வந்து நின்னுச்சு. ஒட்டன்சத்திரத்துலேர்ந்து ஒரு கல்யாண வீடு. மாப்பிள்ளையோட அப்பாவும் அம்மாவும் பத்திரிகை வாசகம் சொல்ல வந்துட்டாங்க. இந்த சீசன்ல எங்களுக்கு வந்ததுலயே பெரிய ஆர்டர் அதுதான். முகூர்த்தப் பத்திரிகை அடிக்க வந்தவங்க மொதல்ல பாக்கிறது தவறினவரு மொகமா இருந்தா என்னாகும்? வந்த காரிலயே திரும்பிருவாங்க.

எங்க வீட்டுக்காரர் ஒரே வார்த்தை சொன்னாரு. "மூடு."

பக்கத்துல கெடந்த ஒரு மாதிரிப் பத்திரிகைய எடுத்து ஸ்கிரீன் மேல சாத்தி வச்சேன்.

வந்தவங்க உக்காந்தாங்க. மாப்பிள்ளையோட அப்பா நல்ல கலகலப்பான மனுஷன். எதப் பாத்தாலும் கேள்வி கேப்பாரு. "ஏனுங்க அம்மிணி, கீபோர்டெல்லாம் லைட்டுப் போட்டுருக்குதுங்களே, கரண்டு பில்லு நெறைய வராதுங்களா?" அப்பிடின்னு ஆரம்பிச்சாரு.

நான் சிரிச்சுக்கிட்டே அடிக்கிறேன். அடிக்க அடிக்க, அந்த அதிர்வுக்குப் பத்திரிகை மெதுவா நகருது. நான் இடது கையால தள்ளி வைக்கிறேன். வலது கையால அடிக்கிறேன். மாப்பிள்ளையோட தாத்தா பேரு வர்ற எடத்துல பத்திரிகை வழுக்கிக் கீழ விழுந்துருச்சு.

மாப்பிள்ளையோட அப்பா குனிஞ்சு எடுத்துக் குடுத்தாரு. குடுக்கும்போது பாத்துட்டாரு.

"அட, கீபோர்டுல டிவிங்களா? இவரு ஆருங்க?"

அந்த நேரத்துல வாயில என்ன வந்துச்சோ அதச் சொன்னேன்.

"எங்க பெரியப்பாங்க."

"நல்ல மொகக்களைங்க. நல்லா இருக்காருங்களா?"

"நல்லா இருக்காருங்க."

"கீழ என்னமோ எழுதியிருக்குதுங்களே?"

"ரெடி டு ஃபைட்டுங்க."

"ஆருகூடங்க ஃபைட்டு?"

"அது, அவரு எப்பவும் சுறுசுறுப்பா இருப்பாருங்க."

அதோட விட்டிருந்தா நல்லாருந்திருக்கும். அவரு கண்ணாடிய எடுத்து மாட்டிக்கிட்டு ஸ்கிரீன்கிட்ட குனிஞ்சாரு.

"ஏனுங்க, இவரு நெலக்கோட்டையில பூ வேன் வச்சிருக்கற மாயாண்டியண்ணன் தானுங்களே?"

நான் அடிக்கிறத நிறுத்திட்டேன். உள்ள மெஷின் சத்தமும் நின்னுருச்சு.

"ஆமாங்க"ன்னேன். வேற என்ன சொல்றது?

அவருக்கு அம்புட்டு சந்தோஷம். வீட்டுக்காரம்மா பக்கம் திரும்பி, "நான் சொன்னேன்ல, பூவுக்கு ஒருத்தர் இருக்காருன்னு. அவருதான்"ன்னாரு. அப்பறம் எங்கிட்ட, "முகூர்த்தப் பூவு அவருகிட்டத்தான் சொல்லோணும்னு இருந்தமுங்க. போனு போட்டா அணைஞ்சே கெடக்குதுங்க. உங்க போன்ல ஒரு போடு போட்டுக் குடுங்க அம்மிணி."

"போன் போகாதுங்க."

"எங்க போயிருக்காருங்க?"

"மேல"ன்னு சொல்லிட்டேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன்னு எனக்கே புரிஞ்சுது. ஆனா அவரு தலைய ஆட்டினாரு.

"கொடைக்கானலுங்களா? அங்க டவர் கெடைக்கறது செரமந்தானுங்க. எப்பக் கீழ எறங்குவாரு?"

திண்டுக்கல்காரங்க மலைக்குப் போறத 'மேல போறேன்'னு சொல்றது அன்னைக்கு என்னையக் காப்பாத்துச்சு. சரியா ஒரு நிமிஷம் காப்பாத்துச்சு.

ஏன்னா அதே நேரத்துல பாண்டி அவரு அம்மாவோட உள்ள வந்தாரு.

மாப்பிள்ளையோட அப்பா பாண்டியப் பாத்ததும் அடையாளம் கண்டுக்கிட்டாரு. "வாங்க தம்பி. நீங்க மாயாண்டியண்ணன் பையன் தானுங்களே, வேன்ல பாத்திருக்கேன். இப்பத்தான் அப்பாவப் பத்திப் பேசிட்டு இருந்தமுங்க. கொடைக்கானல்லேர்ந்து வந்தொடனே எனக்கொரு போனு போடச் சொல்லுங்க."

பாண்டி அவரு அம்மாவத் திரும்பிப் பாத்தாரு.

பாண்டி மெதுவாச் சொன்னாரு, "எங்கப்பா தவறிட்டாருங்க. பதினாறாம் நாள் கார்டு அடிக்கத்தான் வந்திருக்கோம்."

மாப்பிள்ளையோட அப்பா தோள்ல கெடந்த துண்ட எடுத்துக் கையில வச்சுக்கிட்டாரு. என்னையப் பாத்தாரு. "அம்மிணி, உங்க பெரியப்பானீங்களே?"

"பெரியப்பாவா?" பாண்டி.

எனக்கு மறைக்கிறதுக்கு ஒண்ணும் மிச்சமில்ல. நடந்தத மொதல்லேர்ந்து சொல்லிரலாம்னு வாயத் தொறந்தேன்.

"தம்பி, காலையில 'ம' செத்துப் போச்சு..."

"யாரு செத்தா?"

எங்க வீட்டுக்காரர் கதவோரத்துல நின்னு ரெண்டு கையாலயும் மொகத்த மூடிக்கிட்டாரு.

நான் ஒளறிக்கிட்டே இருக்கேன். பூனை, திருகு, கறுப்புப் படம், பத்திரிகை வழுக்கினதுன்னு வரிசையாச் சொல்றேன். பாண்டி மொகம் சிவந்துக்கிட்டே வருது. அவரு அம்மா மட்டும் எதையும் காதுல வாங்கல. நேரா மேசைகிட்ட வந்தாக. குனிஞ்சாக. அந்தக் குட்டி ஸ்கிரீனையே பாத்தாக.

"பாண்டி, இங்க பாருடா, அப்பா."

நான் ஒயரப் பிடுங்கப் போனேன். என் கையப் பிடிச்சுட்டாக.

"இரு தாயி. இவரு இப்ப ஆடுனாரே, எப்பிடி?"

"என் கை கீயில பட்டுருச்சும்மா. தட்டினாக் குலுங்கும். மன்னிச்சுருங்கம்மா, தெரியாம ஆயிருச்சு."

"தட்டு."

"அம்மா..."

"தட்டு தாயி, பாப்போம்."

தட்டினேன். ஐயா குலுங்கினாரு.

இன்னொண்ணு தட்டச் சொன்னாக. தட்டினேன். மறுபடியும் குலுங்கினாரு.

சேலத் தலைப்பால வாயப் பொத்திக்கிட்டாக. அழுறாகன்னு நெனச்சேன். பாத்தா, சிரிக்கிறாக. கண்ணுல தண்ணி ஓடுது, ஆனா சிரிக்கிறாக.

"வேன் ஓட்டுறப்ப இப்பிடித்தான். வத்தலக்குண்டு ரோட்டுல குழிக்குக் குழி இப்பிடியேதான் குலுங்கிக்கிட்டுப் போவாரு. பக்கத்துல பூக்கூடையப் பிடிச்சுக்கிட்டு எம்புட்டு நாள் பாத்திருப்பேன். போட்டோ எடுக்கிறவன் முன்னாடி நின்னா மட்டும் வெறச்சுப் போயிருவாரு. அந்த ஆளு எங்க வீட்டு ஆளு மாதிரியே இருக்காது."

பாண்டியும் குனிஞ்சு பாத்தாரு. அவரு ஒரு கீயத் தட்டினாரு. அப்பறம் இன்னொண்ணு. மொகத்துல இருந்த சிவப்பு கொஞ்சங் கொஞ்சமா எறங்குச்சு.

"கீழ என்ன தாயி எழுதியிருக்கு?"

"சண்டைக்கு ரெடின்னு போட்டிருக்கும்மா. அதுவும் அந்தக் கீபோர்டுக்காரன் போட்டதுதான், நான் போடல."

"அது சரியாத்தான் போட்டிருக்கான்."

அப்பறம் நாற்காலிய இழுத்துப் போட்டு என் பக்கத்துல உக்காந்துக்கிட்டாக. கார்ட மொதல்லேர்ந்து அடிக்கச் சொன்னாக. நான் அடிக்கிறேன், ஐயா குலுங்குறாரு, அவக பாத்துக்கிட்டே இருக்காக. வாசகம் முடிஞ்சதும், "இவ்வளவுதானா? சொந்தக்காரவுக பேரையும் போடு"ன்னாக. கொழுந்தனாரு, நாத்தனாரு, சம்பந்தக்காரவுகன்னு சொல்லிக்கிட்டே போனாக. கடைசியில வேன் மெக்கானிக் பேரெல்லாம் வந்துச்சு.

"அம்மா, அவரு நமக்குச் சொந்தமே இல்ல"ன்னு பாண்டி சொன்னாரு.

"அடிக்கட்டும்டா. செத்த நேரம் ஓடட்டும்."

கல்யாண வீட்டுக்காரங்க ரெண்டு பேரும் எந்திரிச்சுப் போகாம அப்பிடியே உக்காந்திருந்தாங்க. ஆர்டர் போச்சுன்னு நான் முடிவு பண்ணிட்டேன். மாப்பிள்ளையோட அம்மா தன் வீட்டுக்காரர் காதுல என்னமோ சொன்னாங்க. அவரு தொண்டையச் செருமிக்கிட்டாரு.

"ஏனுங்க தம்பி, வேனு இனி நீங்கதான் ஓட்டறீங்களா?"

"ஆமாங்க. காரியம் முடிஞ்சதும் எடுக்கணும்."

"எங்களுக்கு முகூர்த்தம் அதுக்குப் பொறகுதானுங்க. அண்ணன்கிட்டச் சொல்லோணும்னு வந்தது, உங்ககிட்டயே சொல்லிக்கறனுங்க. பூவு நீங்களே போட்டுருங்க."

பாண்டி தலையாட்டினாரு. அவரு அம்மா கையெடுத்துக் கும்பிட்டாக.

மாப்பிள்ளையோட அப்பா எங்கிட்டத் திரும்பினாரு. "அம்மிணி, பத்திரிகைய மட்டும் வேற கீபோர்டுல அடிச்சுக் குடுத்துருங்க."

"சரிங்க."

"பெரியப்பா, சித்தப்பா எல்லாம் இல்லாத கீபோர்டாப் பாத்து."

அவங்க கெளம்பினதும், பாண்டி அம்மா எங்கிட்டக் கேட்டாக. "தாயி, இத எனக்குக் குடுத்துர்றியா? எங்க வீட்டுல கம்ப்யூட்டர் கெடையாது. சும்மா அவரு இதுக்குள்ள இருந்தாப் போதும்."

நான் பதில் சொல்றதுக்குள்ள எங்க வீட்டுக்காரர் வந்து ஒயரக் கழட்டி, சுத்தி, அட்டைப் பெட்டியில வச்சு, மேல நூலக் கட்டி நீட்டிட்டாரு. கல்யாணமான நாள்லேர்ந்து அந்த மனுஷன் எதையும் அம்புட்டு வேகமாச் செஞ்சு நான் பாத்ததில்ல.

"போன் சார்ஜர்ல சொருகினாலே போதும்மா, வந்துருவாரு"ன்னு வழியும் சொல்லிக் குடுத்தாரு.

சாயங்காலம் பாய் கடையில லோடு வந்துச்சு. இந்தத் தடவ கீபோர்டு வாங்கப் போனது அவரு. கறுப்பு கலர். லைட்டு இல்ல, ஸ்கிரீன் இல்ல, திருகு இல்ல. கல்யாணப் பத்திரிகை ஒழுங்கா அடிச்சு, சொன்ன நாளுக்கு ஒட்டன்சத்திரம் போய்ச் சேந்துருச்சு.

காரியத்துக்கு எங்களையும் கூப்பிட்டிருந்தாக. போனோம். வாசல்ல நாங்க அடிச்ச பேனர். உள்ள குத்துவிளக்கு, படையல், பெரிய போட்டோ. போட்டோவுக்கு முன்னாடி ஒரு பலகையில கீபோர்டு. அதச் சுத்தி மல்லிகைச் சரம். பூவுக்கு ஊடால பச்சையும் ஊதாவுமா லைட்டு ஓடிக்கிட்டிருக்கு.

வர்றவங்க எல்லாரும் பெரிய போட்டோவக் கும்பிட்டுட்டு, குனிஞ்சு ஆளுக்கொரு கீயத் தட்டிட்டுப் போறாங்க. பாண்டி அம்மா பக்கத்துல நின்னு எல்லாருக்கும் சொல்லிக்கிட்டிருந்தாக. "சின்னதத் தட்டாதீக. அந்தா அடியில நீளமா இருக்கு பாருங்க, அதத் தட்டுங்க. அப்பத்தான் நல்லாக் குலுங்குவாரு."

நானும் கும்பிட்டேன். எங்க வீட்டுக்காரரும் கும்பிட்டுட்டு, யாரும் பாக்கலைன்னு நெனச்சு ரெண்டு தடவ தட்டினாரு.

அதோட முடிஞ்சுதுன்னு நெனச்சேன். போன வாரம் நிலக்கோட்டைப் பக்கத்துலேர்ந்து ஒருத்தர் கடைக்கு வந்தாரு. காரியத்துக்கு வந்திருந்தவராம்.

"அக்கா, மாயாண்டி ஐயாவுக்குச் செஞ்சீகளே, அதே மாதிரி எங்கப்பாவுக்கும் ஒண்ணு வேணும்."

எனக்குச் சங்கடமாப் போச்சு. "அடடா, அப்பா எப்பங்க தவறினாரு?"

"இல்லக்கா, வெளிய பைக்ல உக்காந்திருக்காரு. எந்த போட்டோ வைக்கிறதுன்னு அவரே பாத்துச் சொல்லணுமாம்."